அடுக்ககத்தில் நாயோ பூனையோ வளர்க்க நினைக்கும் புதியவர்களுக்கு

புது நாட்டில் வேலையும் வீடும் ஒரு வழியாக அமைந்த பிறகு, ஒரு நாயோ பூனையோ வளர்க்கலாமே என்று பலருக்கும் தோன்றும். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் அவர்களே கேட்டுத் தொந்தரவு செய்வார்கள். நல்ல ஆசைதான். உறவுகள் தொலைவில் இருக்கும்போது, கதவைத் திறந்ததும் ஓடிவர ஒரு ஜீவன் இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் சுவரையும் படிக்கட்டையும் லிஃப்டையும் மற்றவர்களோடு பகிர்ந்து வாழும் இடத்தில், அந்த ஜீவன் உங்களோடு தொடர்ந்து இருக்குமா என்பது அக்கம்பக்கத்தாரையும் பொறுத்தது. புகார்கள் சேர்ந்துவிட்டால் ஒன்று பிராணி போக வேண்டும், அல்லது நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த நிலைக்கு வந்தவர்களில் பலர் வீட்டைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நாய் காப்பகத்துக்குப் போகிறது. நம் கவனக்குறைவுக்கு அது தண்டனை அனுபவிக்கக் கூடாது.

அதனால் பிராணியைத் தேடத் தொடங்கும் முன்பே வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வீட்டு உரிமையாளரின் அனுமதி வேறு, கட்டட நிர்வாகத்தின் அல்லது குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேறு. இரண்டும் வேண்டும். சொந்தமாக வீடு வாங்கியவர்களையும் சங்கத்தின் விதிகள் கட்டுப்படுத்தும். எத்தனை பிராணிகள், எந்த இனம், எவ்வளவு எடை என்றெல்லாம் வரம்பு இருக்கலாம். உரிமையாளர் வாய்வார்த்தையாகச் சம்மதித்தது போதாது. வீடு கைமாறினாலோ முகவர் மாறினாலோ அந்தச் சொல்லை யாரிடம் போய்க் கேட்பது? மின்னஞ்சலிலாவது எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாமல் வளர்த்துவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஒளித்து வளர்க்கும் பிராணியை நிம்மதியாக வெளியே அழைத்துப்போகக்கூட முடியாது.

இன்னொரு கேள்வியும் உண்டு, அதற்கு உங்களால் மட்டுமே பதில் சொல்ல முடியும். நாய் பொதுவாகப் பத்து, பதின்மூன்று ஆண்டுகள் வாழும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்தைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் விசா எத்தனை ஆண்டுக்கு? வேலை மாறினால் வேறு நகரத்துக்குப் போக வேண்டியிருக்குமா? ஊருக்குப் போகும் வாரங்களில் யார் பார்த்துக்கொள்வார்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், கொஞ்ச காலம் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். அதுவரை காப்பகங்களில் தன்னார்வலராக உதவலாம். சில காப்பகங்கள் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரிக்கவும் பிராணிகளைத் தருகின்றன. உங்களால் முடியுமா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பதிவு, உரிமம், தடுப்பூசி ஆகியவற்றில் எவை கட்டாயம் என்பதை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலோ கால்நடை மருத்துவரிடமோ கேட்டு முடித்துவிடுங்கள். மைக்ரோசிப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரிசிமணி அளவுள்ள அதை ஊசி மூலம் தோலுக்கடியில் வைப்பார்கள். பலரும் நினைப்பதுபோல அது பிராணி இருக்கும் இடத்தைக் காட்டாது. அதற்குள் இருப்பது ஓர் எண் மட்டுமே; சர்வதேசத் தரத்தின்படி 15 இலக்கம். தொலைந்த பிராணியைக் கண்டெடுத்தவர்கள் அந்த எண்ணைப் படித்துப் பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண்ணைத் தேடுவார்கள். புதிதாக வந்தவர்கள் முதல் சில ஆண்டுகளில் வீட்டையும் தொலைபேசி எண்ணையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். பதிவேட்டில் பழைய எண் இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. வீடு மாறும்போது வங்கிக்கு முகவரி மாற்றம் சொல்லும் அன்றே இதையும் செய்துவிடுங்கள்.

குரைப்புச் சத்தம்

அடுக்ககத்தில் நாயால் வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை சத்தத்தில்தான் தொடங்குகின்றன. இதில் ஒரு சிக்கல்: நாய் அதிகம் குரைப்பது நீங்கள் வீட்டில் இல்லாதபோது. 'எங்கள் நாய் குரைக்கவே குரைக்காது' என்று நீங்கள் உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டில் இரவுப்பணி முடித்துவிட்டு வந்தவர் தூங்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பார். ஒரு பழைய கைபேசியை வீட்டில் வைத்து, நீங்கள் வெளியே போன பின் நடப்பதைப் பதிவு செய்து பாருங்கள். கதவைப் பூட்டிய சில நிமிடங்களிலேயே ஊளையிட்டு, கதவைப் பிராண்டி, எச்சில் ஒழுக அலைகிறதா? அது முரட்டுத்தனமல்ல, தனிமையைத் தாங்க முடியாத பதற்றம். திட்டினால் கூடுமே தவிரக் குறையாது. அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். அவை பயத்தின் மேல் வலியையும் சேர்க்கின்றன.

தனிமையைச் சிறுகச் சிறுகத்தான் பழக்க வேண்டும். முதலில் ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், அப்புறம் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி நேரம். கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஆரவாரம் வேண்டாம். வேலைக்குப் போகும் முன் நன்றாக நடக்க வைத்தால் நாய் தூங்கிவிடும். வாசலில் காலடிச் சத்தம் கேட்டுக் குரைக்கும் நாய்க்குப் படுக்கையை வாசலிலிருந்து தள்ளிப் போடுவதும், சன்னலை மறைப்பதும் உதவும். இவ்வளவு செய்தும் சரியாகவில்லையென்றால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள், ஏனென்றால் வலியோ நோயோகூடக் காரணமாக இருக்கலாம். குட்டி என்றால் ஒரு வாய்ப்பு கூடுதல்: பிறந்த மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும் அது எளிதில் ஏற்றுக்கொள்ளும். லிஃப்ட், மணிச்சத்தம், குழந்தைகளின் கூச்சல் எல்லாவற்றையும் பயமில்லாமல் அறிமுகப்படுத்த அதுவே காலம். தடுப்பூசிகள் முடியும் வரை கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

இன்னொன்று. நாய் வரப்போகிறது என்பதைப் பக்கத்திலும் மேலும் கீழும் இருப்பவர்களிடம் முன்கூட்டியே நீங்களே போய்ச் சொல்லுங்கள். 'சத்தம் தொந்தரவாக இருந்தால் எந்த நேரமும் எனக்குச் செய்தி அனுப்புங்கள், பழக்கிக்கொண்டிருக்கிறோம்' என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மொழி தடுமாறினாலும் பரவாயில்லை. இப்படி அறிமுகமானவர்கள் நிர்வாகத்துக்கு எழுதும் முன் உங்களிடம் பேசுவார்கள். கீழ்வீட்டாருக்கு நகங்கள் தரையில் படும் ஓசையே பெரிதாகக் கேட்கும். நகத்தை வெட்டி, நாய் ஓடும் இடத்தில் விரிப்புப் போடுங்கள்.

பொது இடங்களில்

வீட்டு வாசலைத் தாண்டினால் கயிறு கட்டாயம், உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும். நடைபாதையிலும் லிஃப்டிலும் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். லிஃப்டுக்குள் ஏற்கனவே ஆள் இருந்தால், ஏறலாமா என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த லிஃப்டில் போகலாம். நாய் என்றாலே நடுங்குபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 'ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்' என்று சொல்லியபடி நாயை அருகே விடுவது அவர்களுக்குக் கொடுமை. ஓடிவரும் குழந்தைகளையும் நிறுத்தி, நாய் அமைதியாக இருந்தால் மட்டும் தொட விடுங்கள்.

கழிவை உடனே பையில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும் என்பது தெரிந்ததுதான். காரணம் அசிங்கம் மட்டுமல்ல. நாயின் குடலில் வாழும் உருளைப்புழுக்களின் முட்டைகள் கழிவோடு வெளியேறி, சில வாரங்களில் தொற்றும் நிலைக்கு வந்து, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மண்ணில் விளையாடிவிட்டு வாயில் கைவைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. அரிதாகக் கண்ணைக்கூடப் பாதிக்கும். குடற்புழு மருந்தை மருத்துவர் சொன்ன இடைவெளியில் கொடுங்கள். லிஃப்டிலோ தூணிலோ சிறுநீர் கழித்துவிட்டால் நீங்களே துடைத்துவிடுங்கள். பால்கனியைக் கழிப்பிடமாகப் பழக்க வேண்டாம், கழுவும் நீர் கீழ்வீட்டில்தான் விழும்.

பூனை வளர்ப்பவர்களுக்கு முதல் செலவு சன்னல் வலையாக இருக்கட்டும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் திறந்த சன்னலை விட்டுவிடுகிறார்கள். உயரத்திலிருந்து விழுந்து மார்பும் தாடையும் காலும் நொறுங்கிய பூனைகளைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கழிவு மணலை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்வது நல்லது. பூனைக் கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி வெளியேறிய ஒன்று முதல் ஐந்து நாட்களில்தான் தொற்றும் நிலையை அடையும் என்பதால், தினசரிச் சுத்தம் உண்மையிலேயே காக்கும். லில்லி மலர்க்கொத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அதன் மகரந்தமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

உங்கள் பிராணி யாரையாவது கடித்துவிட்டால் விவாதம் வேண்டாம். காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள், மருத்துவரிடம் போக உதவுங்கள், தடுப்பூசிச் சான்றைக் காட்டுங்கள். பிறருக்கு ஏற்படும் சேதத்தை ஈடுசெய்யும் காப்பீடு கிடைக்கும் நாட்டில் இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

என்றாவது நாடு மாற வேண்டி வந்தால், பிராணியின் பயண வேலைகளை உங்கள் பயணச்சீட்டுக்கு முன்பே தொடங்குங்கள். பல நாடுகள் சிப், ரேபிஸ் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் கேட்கும், அதுவும் அந்த வரிசையில். பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். அதன்பிறகும் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும் நாடுகள் உண்டு. போகப்போகும் நாட்டின் கால்நடைத் துறை விதிகளை ஓர் ஆண்டுக்கு முன்பே பார்த்துவிட்டால், அவசரத்தில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போகும் நிலை வராது.