பக்கத்து மால் பெரிதாகிறது: ஆட்சேபம் எழுதுவது எப்படி

ஓசூர் ரோடு, சர்ஜாபுரம் ரோடு, ஒயிட்ஃபீல்டு, ஹெப்பாளுக்கு அப்பால் என்று பெங்களூரின் ஓரங்களில் இருக்கும் மால் ஒன்று இன்னொரு பிளாக் கட்டப் போகிறது, பார்க்கிங்கையும் கூட்டப் போகிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் எழுதும் மனு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "டிராஃபிக் தாங்க முடியவில்லை, அனுமதி தராதீர்கள்." அதற்கு வரும் பதிலும் ஒரே மாதிரிதான்: "விதி கேட்பதைவிடக் கூடுதலாகவே பார்க்கிங் காட்டியிருக்கிறார்கள்." பல நேரம் அந்தப் பதில் உண்மை. உள்ளே ஆயிரம் இடம் காலியாக இருக்கும்போதே வெளியே ரோடு அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் கேட் விழுங்குகிற வேகத்தைவிட வண்டி வருகிற வேகம் அதிகம். மனுவின் முதுகெலும்பு இந்தக் கணக்குதான்.

சர்வே நம்பரில் தொடங்குங்கள்

கர்நாடக அரசின் திஷாங்க் செயலியை மாலின் எதிரே நின்று திறந்தால் சர்வே நம்பர், கிராமம், ஹோப்ளி (தாலூகாவின் உட்பிரிவு), தாலூகா எல்லாம் வரும். விரிவாக்கம் வரப்போகும் காலி மனையின் பக்கமும் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அது வேறு சர்வே நம்பராக இருக்கக்கூடும். இது தெரியாமல் யாருக்கு மனு போடுவது என்பதே தெரியாது. நகரத்துக்குள் முன்பு பி.டி.ஏ. (பெங்களூர் வளர்ச்சி ஆணையம்) திட்ட ஆணையம், இப்போது கிரேட்டர் பெங்களூரு ஆணையம். சந்தாபுரம் பக்கம் ஆனேக்கல் திட்ட ஆணையம், ஹொஸ்கோட்டை பக்கம் ஹொஸ்கோட்டை திட்ட ஆணையம். பெங்களூர் மாநகராட்சியான பி.பி.எம்.பி. 2025-இல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால் பழைய முகவரிக்குப் போகும் கடிதம் மேஜை மேஜையாக அலைந்து நாளைத் தின்றுவிடும்.

அதே வரைபடத்தில் ஏரியோ ராஜகாலுவேயோ (பெரிய மழைநீர்க் கால்வாய்) பக்கத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். நகரின் ரிவைஸ்டு மாஸ்டர் பிளான் 2015 ராஜகாலுவேக்கு அதன் தரத்தைப் பொறுத்து 50, 25, 15 மீட்டர் இடைவெளி வைத்தது. அந்த எல்லைக்குள் பேஸ்மென்ட் பார்க்கிங் வந்தால் அது தனி ஆட்சேபம், தனிப் பத்தியாக எழுதுங்கள்.

கருத்துக் கேட்பு கூட்டம் வரும் என்று காத்திருக்காதீர்கள்

பலரும் ஏமாறும் இடம் இது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கிடையாது. யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ஆகவே சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் ஏறும் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்க்க ஒருவரை நியமியுங்கள். மாநிலம், மாவட்டம், கட்டுமானப் பிரிவு என்று வடிகட்டினால் விண்ணப்பம், படிவம் 1, படிவம் 1ஏ, கருத்துரு வரைபடம் எல்லாம் கிடைக்கும். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் அஜெண்டாவில் அந்தத் திட்டம் வருவதற்கு முன்பே உங்கள் கடிதம் பெங்களூர் எம்.எஸ். பில்டிங்கில் இருக்கும் அதன் அலுவலகத்தில் சீல் வாங்கியிருக்க வேண்டும். குழு பரிந்துரை செய்த பிறகு போகும் கடிதம் ஃபைலின் கடைசிப் பக்கமாகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். "புது பிளாக் 18,000 சதுர மீட்டர்தான், அனுமதி தேவையில்லை" என்று சொல்வார்கள். விரிவாக்கத்துக்குப் பிறகு மொத்தப் பரப்பு வரம்பைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி. பழைய கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

கேட்டில் நின்று எண்ணுவது

நான்கு பேர், ஒரு ஸ்டாப்வாட்ச், கோடு போட்ட நோட்டு போதும். சனி, ஞாயிறு மாலை 5 முதல் 9 வரை. ஓசூர் ரோடு பக்கமானால் வெள்ளிக்கிழமையும் சேருங்கள், அன்று சேலம், கிருஷ்ணகிரி போகிற பஸ்ஸும் காரும் அதே பாதையில்தான் இறங்கும். ஒரு சாதாரண வாரம், ஒரு பண்டிகை வாரம் என்று இரண்டு தடவை எண்ணினால்தான் "தீபாவளியன்று எடுத்த கணக்கு" என்று தள்ள முடியாது.

முதல் ஆள் கேட்டில் ஏறி இறங்கும் தடுப்புக் கம்பமான பூம் பேரியர் அருகே நிற்க வேண்டும். ஒரு கார் டிக்கெட் எடுக்க நிற்பதிலிருந்து அடுத்த கார் அதே இடத்தில் வந்து நிற்பது வரை எத்தனை நொடி? 50 கார்களுக்கு எழுதிச் சராசரி எடுங்கள். டிக்கி திறந்து சோதிப்பது, கண்ணாடி வைத்த கம்பை வண்டிக்கு அடியில் விடுவது, ஓட்டுநர் கண்ணாடியை இறக்கத் தாமதிப்பது எல்லாம் இதில் வந்துவிடும். சராசரி 15 நொடி என்று வைத்துக்கொண்டால் ஒரு லேன் மணிக்கு 240 கார் விழுங்கும், இரண்டு லேன் 480. மணிக்கு 600 கார் வந்தால் ஒரு மணி நேரத்தில் 120 கார் வெளியே மிஞ்சும். இடைவெளியோடு ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால் 720 மீட்டர் வரிசை. வளாகத்துக்குள் ரோட்டு விளிம்பிலிருந்து பேரியர் வரை எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். அது 60 மீட்டராக இருந்தால் ஒரு வரிசைக்குப் பத்தே கார்தான் உள்ளே நிற்கும், மற்றதெல்லாம் பொது ரோட்டில். பேஸ்மென்டில் இன்னும் 400 இடம் கூட்டினாலும் இந்த 60 மீட்டர் மாறாது.

இரண்டாவது, மூன்றாவது ஆட்கள் ரோட்டில் ஆளுக்கொரு திசையாக எல்லா வண்டிகளையும் வகை பிரித்து எண்ணட்டும். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, 15 நிமிடத்துக்கு ஒரு வரி. பிறகு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 106–1990 தரும் பெருக்கெண்ணால் கார் அளவுக்கு மாற்றுங்கள்: கார் 1, இருசக்கர வண்டி மொத்தத்தில் 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 0.75, ஆட்டோ அதே பங்கில் 2, பஸ், லாரி 5 சதவீதம் வரை 2.2. மணிக்கு 900 இருசக்கரம், 500 கார், ஏறக்குறைய 10 சதவீதமாக 150 ஆட்டோ, 30 பஸ் போனால் 675 + 500 + 300 + 66, ஆக 1,541. அதே ஆவணம் இருவழி இரண்டு லேன் முதன்மைச் சாலை தாங்கும் அளவாக மணிக்கு 1,500, துணை முதன்மைச் சாலைக்கு 1,200, சேகரிப்புச் சாலைக்கு 900 என்று வைத்திருக்கிறது. உங்கள் ரோடு எந்த வகை என்று மாலின் டிராஃபிக் அறிக்கை சொல்கிறதோ, அதோடு ஒப்பிடுங்கள். சேகரிப்புச் சாலையை முதன்மைச் சாலை என்று எழுதிவைத்தாலே நெரிசல் காகிதத்தில் மறைந்துவிடும். அறிக்கையில் எண்ணிக்கை எடுத்த தேதியைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை எடுத்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

நான்காவது ஆள் குறுக்குத் தெருக்களில் நடக்கட்டும். சனி இரவு 7 மணிக்கும் செவ்வாய் இரவு 7 மணிக்கும் அதே தெருவில் நிற்கும் வண்டிகளை எண்ணினால் வித்தியாசம்தான் மால் கொட்டும் சுமை. கட்டணம் கொடுக்க மனமில்லாமல் தெருவில் விடுகிறவர்கள் மட்டுமல்ல, சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ, கேப், சாப்பாட்டு டெலிவரி பையன்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். அந்தப் பையன்களுக்கு வரைபடத்தில் ஒரு சதுர அடி ஒதுக்கியிருக்காது. குறை அவர்களுடையதல்ல, வரைபடத்துடையது. மனுவிலும் அப்படியே எழுதுங்கள்.

வரைபடத்தைச் சரிபார்ப்பது

பேஸ்மென்டின் மொத்தப் பரப்பை 32-ஆல் வகுங்கள். டெல்லி மாஸ்டர் பிளான் 2021 பேஸ்மென்டில் ஒரு காருக்கு ஓடுபாதை உட்பட 32 சதுர மீட்டர், திறந்தவெளியில் 23 என்று வைத்திருக்கிறது. இங்கே அது சட்டமில்லை, ஆனால் உரசிப் பார்க்க நல்ல கல். 6,400 சதுர மீட்டருக்கு 200 கார் வரவேண்டும். 320 என்று காட்டினால் தூண்களை மறந்திருப்பார்கள், ரேம்பை மறந்திருப்பார்கள், அல்லது ஒரு காரின் மேல் இன்னொன்றைத் தூக்கி வைக்கும் இயந்திரத் தட்டு அடுக்கைச் சேர்த்திருப்பார்கள். சனிக்கிழமை மாலை தட்டு இறங்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பழைய கட்டடத்தின் அனுமதி வரைபடத்தையும் ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) வாங்குங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடகத்தில் விண்ணப்பம் ஒரே விஷயத்தைப் பற்றி, 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். நீட்டி எழுதினால் அதைக் காரணம் காட்டியே திருப்பலாம். பார்க்கிங் என்று காட்டிய தளம் இன்று கிடங்காகவோ கடையாகவோ இருந்தால் அது கனமான ஆதாரம். மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்பு விகிதக் கணக்கில் பார்க்கிங் பரப்பு வராது, கடை வரும்.

மனு

கன்னடத்தில் எழுதுங்கள், இரண்டு பக்கத்துக்குள். தமிழ்க் குடும்பங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது ஒரு தரப்பாரின் முறையீடாகத் தெரியும். தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுங்கள், கன்னடம் சரளமாக எழுதும் பக்கத்து வீட்டுக்காரரை வைத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கைத் தாள்கள் இணைப்பாகப் போகட்டும். டிராஃபிக் போலீஸுக்கும் ஒரு நகல்.

"கட்டவே கூடாது" என்று மட்டும் கேட்பது பெரும்பாலும் தோற்கும். நிபந்தனை கேளுங்கள்: பேரியரை உள்ளே தள்ளி இத்தனை மீட்டர் வரிசை இடம், கூட்ட நேரத்தில் இத்தனை லேன், வளாகத்துக்குள் ஆட்டோ, கேப், டெலிவரிக்குத் தனி இடம், சரக்கு லாரிக்கு வேறு நேரம், இந்த வேலைகள் முடியாமல் புது பிளாக் திறக்கக்கூடாது. சுற்றுச்சூழல் அனுமதி ஆணையில் ஏறிவிட்டால், அவற்றை நிறைவேற்றியதைச் சொல்லும் இணக்க அறிக்கையை மால் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என்று தாக்கல் செய்தாக வேண்டும். திறந்த பிறகு போராடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 2023 டிசம்பர் கடைசியைப் பாருங்கள்: நகரின் வடக்கே புதிதாகத் திறந்த மாலுக்குப் பொதுமக்கள் போகப் போலீஸ் 144 தடை போட, விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

சுற்றுச்சூழல் அனுமதி வந்தே விட்டதா? பத்திரிகை விளம்பரத்தை வெட்டி வையுங்கள், தேதி முக்கியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள்வரை பொறுப்பார்கள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. கர்நாடக வழக்குகள் சென்னை அமர்வுக்குப் போகும். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் முதலில் கேட்பது அலுவலக சீல் விழுந்த அந்தப் பழைய கடிதத்தின் நகலைத்தான்.