பழைய ஜீப் கோமாஞ்சியில் ஆயில் சேம்பரைக் கழற்றும் முறை

ஜீப் கோமாஞ்சி என்ற அமெரிக்கப் பிக்கப் வண்டியிலும் அதன் உடன்பிறப்பான செரோக்கியிலும் 1987 மாடல் முதல் பொருத்தப்பட்ட 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கோமாஞ்சி 1992-இலும் செரோக்கி 2001-இலும் அமெரிக்கச் சந்தையிலிருந்து விடைபெற்றுவிட்டதால், இன்று கைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில், எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தகட்டுத் தொட்டியான ஆயில் சேம்பரின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். ஆனால் அந்தப் பிசுக்கைப் பார்த்தவுடன் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. மேலே இருக்கும் வால்வு மூடியிலிருந்தோ, ஆயில் ஃபில்டர் பொருந்தும் அடாப்டரின் ஓ-ரிங்கிலிருந்தோ கசியும் எண்ணெய், எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, சேம்பரின் பின்முனையில் சொட்டி, குற்றத்தைச் சேம்பருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின்மீதும், கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் பின்பக்க கிராங்க் சீலின்மீதும் போட்டுவிடும். ஆகவே எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு, ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதை விளக்கடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

சேம்பர்தான் கசிகிறது என்று உறுதியானால், எதிர்கொள்ள வேண்டிய உண்மையான சிக்கல் அதன் போல்ட்டுகள் அல்ல, இடம்தான். இந்த வண்டியின் முன் ஆக்சில் ஒரே நீளக் குழாயாக எஞ்சினுக்குக் கீழே குறுக்காகச் செல்வதால், வண்டி தன் நான்கு சக்கரங்களில் நிற்கும்போது சேம்பரை இறக்க வழி இருக்காது. கம்பெனியின் பழுதுநீக்கக் கையேடு எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றி எஞ்சினை மேலே தூக்கச் சொல்கிறது. நான் முதலில் ஆக்சிலைத் தொங்கவிட்டுப் பார்ப்பதையே விரும்புகிறேன். ஏனெனில் அரைகுறையாகத் தூக்கி நிறுத்திய எஞ்சினுக்கு அடியில் படுத்து வேலை செய்வது மனத்துக்கு ஒப்பாத காரியம். பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, முட்டு ஸ்டாண்டுகளை ஆக்சிலுக்கு அல்லாமல் வண்டியின் நீளச் சட்டங்களுக்குக் கொடுத்தால், ஆக்சில் தன் எடையாலேயே கீழே இறங்கும். ஷாக் அப்சார்பர்களின் கீழ் முனைகளையும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளையும் கழற்றிவிட்டால் இன்னும் சில அங்குலம் கிடைக்கும். ஆனால் பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடும் அளவுக்கு இறங்க விடக் கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்; ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளில் சாவி அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும். எண்ணெயை வடித்து, புகைக்குழாயை, எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் மேனிஃபோல்டிலிருந்து பிரித்துத் தாழ்த்தி, ஸ்டார்ட்டரையும் ஃபிளைவீல் அருகிலுள்ள தகட்டு மூடியையும் எடுத்துவிடலாம். புகைக்குழாய் நட்டுகள் துருவேறிக் கல்லாகியிருக்கும் என்பதால் முந்தைய மாலையே துருநீக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடுவது நல்லது. நான் ஒருமுறை அந்தப் பொறுமை இல்லாமல் ஒரு ஸ்டட்டை முறித்துவிட்டு, சேம்பருக்கு ஒதுக்கிய முழு நாளையும் துளையிடுவதிலேயே தொலைத்தேன்.

சேம்பரில் இரண்டு அளவு போல்ட்டுகள் இருக்கின்றன: ¼ அங்குலத்தவை ஓரம் முழுவதும், 5/16 அங்குலத்தவை மூலைகளில். எது எங்கிருந்து வந்தது என்பதை ஓர் அட்டையில் சேம்பரின் உருவத்தை வரைந்து அதிலேயே குத்தி வைத்துக்கொண்டால் பின்னர் குழப்பம் வராது. எல்லாம் கழன்ற பின் சேம்பரைச் சற்றே தாழ்த்திப் பின்னோக்கி நழுவவிட வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் எடைப்பகுதி தடுத்தால், முன்பக்கப் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கொஞ்சம் திருப்பினால் வழி கிடைக்கும். ஆயில் பம்பின் உறிஞ்சு குழாயைச் சேம்பரால் இடித்துவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் குழாய் பம்பில் இறுக்கமாகச் செருகப்பட்டது மட்டுமே என்பதால், ஒருமுறை இடம் அசைந்துவிட்டால் மீண்டும் தட்டி உட்செலுத்தாமல் புதிதாக மாற்றுவதே முறை. பின்பக்க கிராங்க் சீல் இரண்டு துண்டுகளாக வருவதால், கசிவு இருக்கிறதோ இல்லையோ, சேம்பர் கீழே இருக்கும் இந்த நேரத்திலேயே அதையும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

சேம்பரின் விளிம்பை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். இதற்கு முன் யாரோ ஒருவர் கசிவை நிறுத்தும் ஆசையில் போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு மேல்நோக்கிக் குமிழ்போல் எழும்பியிருப்பதை விரலால் தடவினாலே உணரலாம். அந்தக் குமிழ்கள் கேஸ்கெட்டைத் தாம் மட்டும் அழுத்திவிட்டு, இரண்டு போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியைத் தளர்வாக விட்டுவிடும். விளிம்பை ஒரு தட்டையான மரக்கட்டைமீது வைத்து, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்தாமல் எவ்வளவு விலையுயர்ந்த கேஸ்கெட்டைப் போட்டாலும் பயனில்லை. பிறகு எஞ்சின் பக்கத்து முகத்தையும் எண்ணெய்ச் சுவடு இல்லாமல் துடைக்க வேண்டும்.

மல்லாந்து படுத்தபடி சேம்பரையும் கேஸ்கெட்டையும் துளைகளுக்கு நேராகப் பிடிப்பதற்குக் கையேடு ஓர் அருமையான உபாயம் சொல்கிறது. ஒன்றரை அங்குல நீளமுள்ள நான்கு ¼ அங்குலப் போல்ட்டுகளின் தலையை அறுத்து, அறுத்த முனையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஒரு கீறல் போட்டு, எஞ்சினின் முன்பக்கத்திலுள்ள டைமிங் மூடியில் இரண்டும் சிலிண்டர் பிளாக்கில் இரண்டுமாகத் திருகி வைத்துக்கொண்டால், கேஸ்கெட்டும் சேம்பரும் அவற்றின் மீது ஏறித் தாமாகவே நிற்கும். டைமிங் மூடி பிளாக்கைச் சந்திக்கும் மூலைகளிலும் பின் பேரிங் மூடியின் ஓரங்களிலும் மட்டும் சிலிக்கான் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்தால் போதும். மற்ற போல்ட்டுகளைக் கையால் பிடிக்கவிட்டு, தலை அறுத்த அந்த நான்கையும் எடுத்து அவற்றின் இடத்திலும் போல்ட் போட்ட பிறகு, ¼ அங்குலத்தவற்றை 9.5 நியூட்டன் மீட்டருக்கும் 5/16 அங்குலத்தவற்றை 15 நியூட்டன் மீட்டருக்கும் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்சால் இறுக்க வேண்டும். கைக்கு இது போதாததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்துக்கு இடம்கொடுத்தவர்தான் முன்சொன்ன குமிழ்களை உண்டாக்கியவர். வடிகால் போல்ட்டுக்கு 34 நியூட்டன் மீட்டர்.

கழற்றியவற்றைத் தலைகீழ் வரிசையில் பூட்டி, சிலிக்கான் இறுகுவதற்கு அதன் உறையில் குறித்துள்ள நேரத்தைக் கொடுத்து, புதிய ஃபில்டருடன் 5.7 லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். எஞ்சினை இயக்கியதும் ஆயில் அழுத்த முள் சில நொடிகளில் எழவில்லை என்றால் உடனே அணைத்துவிட வேண்டும். உறிஞ்சு குழாய் அசைந்திருக்கிறதா என்பதே அப்போது முதலில் எழ வேண்டிய சந்தேகம். முள் எழுந்து நின்றால், எஞ்சின் சூடேறும் வரை ஓடவிட்டு, அன்றிரவு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போகலாம்.