வன்னி வானில் ஓரியன் நெபுலா: கண்ணால் காணாததைக் கமராவில் சேர்க்கும் முறை

தொலைக்காட்டியில் ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு முகிலை முதன்முதலாகப் பார்த்தபோது நான் ஏமாந்துபோனேன். படங்களில் செந்நிறமாக விரியும் அந்த முகில், கண்ணுக்குச் சாம்பல் பூசிய கறையாகவே தெரிந்தது. குறை தொலைக்காட்டியில் இல்லை. நமது கண் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு நேரத்துக்கு மேல் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. இருட்டில் பார்க்க உதவும் கோற்கலங்கள் நிறங்களைப் பிரித்தறிவதில்லை, ஐதரசன் வெளிவிடும் 656 நனோமீற்றர் அலைநீளச் சிவப்பை ஏறக்குறைய உணர்வதுமில்லை. கமராவின் உணரியோ மூடி திறந்திருக்கும் வரை ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். 1880 செப்டெம்பர் 30 அன்று அமெரிக்க வானியல் ஆர்வலர் ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஒளிபடவிட்டுப் படமெடுத்தார். 1883இல் ஆங்கிலேய வானியல் ஆர்வலர் ஆண்ட்ரூ கொமன் எடுத்த படத்தில், கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் பதிந்திருந்தன.

தொடக்கத்திலேயே தொலைக்காட்டியோடு கமராவைப் பூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வில்லையைக் கழற்றி மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றும், 200 மி.மீ. வில்லையும், வானோடு சேர்ந்து திரும்பும் மோட்டர் தாங்கியும் போதும். பிரகாசமான சீரியஸ் விண்மீனை நோக்கி, திரையைப் பெருப்பித்துக் கையால் குவியப்படுத்துங்கள். கோப்பு வகையை ‘ரோ’ (உணரி பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் வகை) என்று மாற்றுங்கள்.

என்னை நாட்கணக்காக அலைக்கழித்தது விண்மீன்கள் கோடாக இழுபடாதிருக்கத் தாங்கியின் அச்சை வானின் வடதுருவத்துக்கு நேராக்கும் படிதான். கிளிநொச்சியில் துருவ விண்மீன் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்திலேயே நிற்பதால், வடக்கே ஒரு பனங்கூடல் இருந்தாலே அது மறைந்துவிடும். போதாக்குறைக்கு, குளிர்நாடுகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட என் தாங்கி 15 பாகைக்குக் கீழே இறங்க மறுத்தது. முக்காலியின் வடக்குக் காலைக் கட்டையாக்கி, முழுவதையும் வடக்கே சரித்த பின்னரே அச்சு இறங்கியது. (பாரம் வடக்கே சாய்வதால் நடுவில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள்.) கைபேசித் திசைகாட்டியைத் தாங்கியின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், அருகிலுள்ள இரும்பும் மோட்டரும் அதைப் பிழையாகத் திருப்பிவிடும்.

அதன்பின் அச்சு சரியாக நேராகிவிட்டதா என்று பார்க்க, தாங்கியின் மோட்டரை ஓடவிட்டு, ஓரியனின் இடைப்பட்டியில் வடகோடியிலுள்ள மின்டாக்கா விண்மீன் உச்சியைக் கடக்கும் நேரத்தில் அதைச் சட்டத்தின் நடுவில் வைத்துச் சில நிமிடங்கள் காத்திருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. நகர்வு நிற்கும் வரை திருத்துங்கள்.

பின்னர் 60 செக்கன் படங்களாக நாற்பது எடுத்து, சிரில் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அதைப் பழகச் சற்று நாட்பிடிக்கும். இலவசமென்பதாலும் லினக்ஸிலும் ஓடுமென்பதாலும் நான் அதையே விரும்புகிறேன்.

பின்சேர்க்கை: படங்கள் நள்ளிரவுக்குப் பின் மங்கிவிடுவதாக முல்லைத்தீவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அது தை, மாசி மாதப் பனி. திறந்த வானை நோக்கிய கண்ணாடி, சூழ்ந்த காற்றைவிட விரைவாகக் குளிர்வதால் அதில் நீர் படிகிறது. வில்லையின் முன்னே ஒரு சாண் நீளத்துக்கு அட்டைக் குழல் ஒன்றைச் சுற்றுங்கள். துணியால் துடைத்தால் நீர் பரவி இன்னும் கெடும்.