இயந்திர அறுவடைக்கு ஏற்ற ஆலிவ் இரகத்தை உருவாக்கும் முறை

பெற்றோர் மரங்களைத் தேடும் முன், பழத்தைப் பறிக்கப்போவது எந்த இயந்திரம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அடிமரத்தைப் பற்றிக் குலுக்கும் இயந்திரத்துக்கு, கிளையற்ற நேரான அடிமரமும் மேல்நோக்கி நிமிர்ந்த கிளைகளும் தேவை. வரிசையின் மேலேயே ஏறிச்செல்லும் இயந்திரத்துக்கோ, ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் வீரியம் குறைந்த மரமே பொருந்தும். இரண்டுக்கும் ஒரே இரகம் போதும் என்று எண்ணுவது வீண் ஆசை.

ஸ்பெயினின் கொர்தோபாவில் பிக்குவால் இரகத்தைத் தாயாகவும் அர்பெக்கினாவைத் தந்தையாகவும் கொண்டு உருவான சிக்கிதித்தா, இரண்டாம் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மரம் சிறியது. அடர் நடவுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆலிவ் பூ மிகச் சிறியது, கிளைக்கு நூற்றுக்கணக்கில் பூப்பது. ஆதலால் ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையை நீக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. பெரும்பாலான இரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே எளிதில் ஏற்பதில்லை என்பதால், பூ விரியுமுன் தாய்க்கிளையைக் காகிதப் பையால் மூடி, தந்தை மரத்தின் மகரந்தத்தை உள்ளே ஊதிவிட்டால் போதும். காற்றில் வரும் மகரந்தமும் தன்மகரந்தமும் சிறிதளவு ஏமாற்றக்கூடும்; எனவே நாற்றுகளின் தந்தையை டி.என்.ஏ. சோதனையால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பழம் நிறம் மாறும்போது பறித்து, சதையை நீக்கி, கொட்டையை உடைத்துப் பருப்பை மட்டும் எடுத்து, ஏறத்தாழ 14 பாகை செல்சியசில் ஈரப்பதத்துடன் சில வாரங்கள் வைத்தால் முளைக்கும். ஓட்டோடு விதைத்தால் முளைப்பு மந்தமாகும். விதைநாற்று பூக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். கொர்தோபா ஆய்வாளர்கள் பசுமைக்குடிலில் இடைவிடாத ஒளி தந்து, கவாத்து செய்யாமல் ஒற்றைத் தண்டாக ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் வரை விரைந்து வளர்த்து, பிறகே வயலில் நட்டு இக்காலத்தை வெகுவாகக் குறைத்தனர். இந்த வேலையில் பொறுமை தேவை என்பார்கள். பொறுமையைவிட இந்த உத்தி பயன்தரும்.

காய்த்ததும் அளக்க வேண்டிய முதல் பண்பு, பழம் காம்பை விட்டுப் பிரிய வேண்டிய இழுவிசை. பழத்தைக் கொக்கியில் மாட்டி, இழுவிசைமானியைக் காம்பின் நேர்க்கோட்டில் மெதுவாக இழுத்து, அது அறும் கணத்தின் அளவைக் குறித்துக்கொண்டு, அப்பழத்தை எடைபோட வேண்டும். மரத்துக்கு ஐம்பது பழங்களேனும் வேண்டும். விசையை எடையால் வகுத்து வரும் எண் சிறிதாக இருந்தால், குலுக்கும்போது பழம் எளிதில் உதிரும்; ஏனெனில் குலுக்கல் பழத்தின் எடையைக் கொண்டுதான் காம்பை இழுக்கிறது. எண்ணெய் அளவையும் வாடல் நோய்க்கு உள்ளாகும் தன்மையையும் கூடவே பார்க்கலாம்.

தேர்ந்த மரங்களைத் தண்டுக்குச்சியால் பெருக்கி, அர்பெக்கினாவை ஒப்பீட்டுக்கு வைத்து, நான்கு மீட்டர் வரிசை இடைவெளியிலும் ஒன்றரை மீட்டர் மர இடைவெளியிலும், அதாவது எக்டேருக்கு ஏறத்தாழ 1,667 மரங்களாக, நட்டுப் பார்க்க வேண்டும். தனி மரமாக அடக்கமாகத் தெரிந்த நாற்று, நெருக்கமான வரிசையில் வேலிபோல் நின்ற சில ஆண்டுகளில், வரிசைமேல் ஏறிச்செல்லும் இயந்திரத்தின் உள்வாயை, அதாவது மரங்கள் நுழைந்து செல்லும் இடைவெளியை, மீறிப் படர்ந்துவிடுவதுண்டு. ஆகவே இயந்திரத்தை உண்மையிலேயே ஓட்டி, கிளை முறிவையும் மரத்தில் தங்கிய பழத்தையும் எண்ணாமல் எந்த இரகத்தையும் வெளியிடக் கூடாது.