ஸ்கை பாண்ட் ஏரிக்கு ஒரு நாள் நடை: பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் உள்ள ஸ்கை பாண்ட் ஏரி சுமார் 3,320 மீட்டர் உயரத்தில், மரங்கள் முடிந்து பாறைகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கிளேசியர் கோர்ஜ் நிறுத்தத்திலிருந்து ஆல்பர்ட்டா அருவி, லாக் ஏரி, டிம்பர்லைன் அருவி, லேக் ஆஃப் கிளாஸ் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்வர ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஏற்றம் 500 மீட்டருக்குச் சற்று மேல். தூரத்தை மட்டும் பார்த்து, "காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் போகலாம்" என்று நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

ஜூலை, ஆகஸ்டில் காலை வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் ஏற ஏற மலைமேல் மேகம் திரண்டு, நண்பகலுக்குப் பின் இடி மின்னல் வருவது அங்கே வாடிக்கை. 10 மணிக்குக் கிளம்புபவர் சரியாக இடி இறங்கும் நேரத்தில், ஒதுங்க இடமில்லாத ஏரிக்கரையில் நிற்பார். 6 மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரை வாக்கில் ஏரி. 10 மணிக்குத் திரும்பினால் மதியத்துக்குள் காட்டுக்குள் இறங்கிவிடலாம். லாக் ஏரிக்கே ஒன்பதரை தாண்டிவிட்டால் அதையே அன்றைய எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அழகான ஏரிதான், நஷ்டமில்லை.

அதிகாலைக்கு இன்னொரு காரணம், வண்டி நிறுத்துமிடம். கிளேசியர் கோர்ஜில் இடம் மிகக் குறைவு, விடியுமுன்பே நிரம்பிவிடும். அங்கே போகும் பேர் லேக் சாலையில் கீழே வண்டியை விட்டுவிட்டு ஷட்டில் பேருந்தில் வரலாம். கோடைக் காலத்தில் நேரம் குறித்த நுழைவு அனுமதி வேண்டியிருக்கும். அண்மை ஆண்டுகளில் அது இரண்டு வகையாக வந்தது: ஒன்று பேர் லேக் சாலையையும் சேர்த்தது, மற்றது அந்தச் சாலை நீங்கலாக. இரண்டாவதை வாங்கிவிட்டு வாசலில் திருப்பி அனுப்பப்படுபவர்கள் ஏராளம். ஷட்டிலில் போவதற்கும் முதல் வகைதான் வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால் பூங்காவின் தளத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

டென்வரில் விமானம் இறங்கிய மறுநாளே ஏறுவது அடுத்த தவறு. ஏரியருகே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சுமார் 2,290 மீட்டரில் இருக்கும் எஸ்டெஸ் பார்க் என்ற ஊரில் ஓரிரு இரவு தங்குவது நல்லது. தலைவலியோடு குமட்டலும் வந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாதீர்கள், இறங்குவதுதான் மருந்து. நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே, துணையோடு இறக்குங்கள்.

வழியில் உண்மையிலேயே சறுக்கும் இடம் டிம்பர்லைன் அருவி. அதன் வலப்பக்கம் கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய ஈரப் பாறை. ஏறுவதைவிட இறங்குவது கடினம். பாறையைப் பார்த்தபடி, இரு கை, இரு கால்களில் மூன்று உறுதியாக ஊன்றியபின் நான்காவதை நகர்த்துங்கள். ஜூன் இறுதிவரைகூட இங்கே பனி இறுகிக் கிடக்கலாம். ஷூவில் மாட்டும் முள்சங்கிலி இல்லாமல் வந்தவர்கள் அருவியடியிலேயே திரும்புவது நல்லது. தேய்ந்த அடிப்பாகமுள்ள ஓட்ட ஷூ இங்கே உதவாது.

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. ஏரியில் அடிக்கும் காற்றில் பத்தே நிமிடத்தில் உடம்பு நடுங்கும். கீழே எவ்வளவு வெயிலாக இருந்தாலும் ஒரு ஃப்ளீஸ் (குளிர் தாங்கும் மேற்சட்டை), ஒரு மழைக்கோட்டு, தொப்பி பையில் இருக்கட்டும். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். காற்று வறண்டது என்பதால் வியர்ப்பதே தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் வரும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா கிருமி இருக்கலாம். வடிகட்டியில் வடித்தோ, அந்த உயரத்தில் 3 நிமிடம் கொதிக்கவிட்டோ மட்டும் குடியுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை தாராளமாகப் போதும். ஆனால் சிந்தும் பருக்கையை அணில்களுக்குப் போடாதீர்கள், தேசியப் பூங்காவில் அது குற்றம்.

இடி கேட்டுவிட்டால் தனிமரத்தடியிலும் தண்ணீர் ஓரத்திலும் நிற்காமல் இறங்கத் தொடங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் மீண்டும் மேலே போக நினைக்க வேண்டாம். பாதையில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முந்தின இரவே போனில் இறக்கிவைத்து, திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.