மீன் வெளுத்தால் முதலில் தொட்டியின் தரையைப் பாருங்கள்

சென்ற வாரம் எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கைபேசியை நீட்டினார். “அண்ணாச்சி, கடையில் பார்த்தபோது பட்டையெல்லாம் மை மாதிரி கறுத்திருந்தது. பத்தே நாளில் இப்படி ஆகிவிட்டது.” படத்தில் ஆறு டைகர் பார்ப் மீன்கள். கறுப்புப் பட்டைகள் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மீன் இல்லை, அதன் கீழே கிடந்த பால்வெள்ளைச் சலவைக்கல் சில்லுகள். 15 ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கல்லைத்தான் கொட்டி வைத்திருந்தேன்.

தண்ணீரை மாற்றாமல் விடுவது, சின்னத் தொட்டியில் மீனை அடைப்பது போன்ற தவறுகளை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு சில தவறுகளை.

வெள்ளைக் கல்

பாபநாசம் படித்துறையில் பொரி போடும்போது மீன்களைக் கவனித்திருப்பீர்கள். பொரிக்கு வாய் திறக்கும் வரை மீன் எது, பாறை எது என்றே தெரியாது. ஆற்றின் அடி கருமை, மீனின் முதுகும் கருமை. மேலிருந்து பார்க்கும் மீன்கொத்தியும் கொக்கும் தன்னைக் காணக் கூடாது என்பதுதான் மீனின் கவலை. அந்த மீனை வெள்ளைத் தரையில் விட்டால், வெளுத்தாக வேண்டும் என்று அதன் உடம்பே முடிவு செய்துவிடும்.

மீனின் தோலில் நிறச் செல்கள் இருக்கின்றன. கறுப்புச் செல்லுக்குள் மெலனின் என்ற கறுப்பு நிறமியின் துகள்கள் பொடிப்பொடியாக மிதக்கின்றன. அவை செல் முழுவதும் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் ஒரு புள்ளியாகத் திரண்டால் வெளுக்கும். மேலிருந்து வரும் வெளிச்சம் எவ்வளவு, தரையில் பட்டுத் திரும்புவது எவ்வளவு என்று மீனின் கண் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. தரை வெள்ளை என்றால் துகள்கள் திரள்கின்றன. இது சில நிமிடங்களில் நடப்பது. வாரக்கணக்கில் அதே தரையில் கிடந்தால் கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறையத் தொடங்கும். கருமை போனால் பக்கத்தில் இருக்கும் சிவப்பும் நீலமும் எடுப்பாகத் தெரியாது.

எனக்கு அன்று இது தெரியாது. நீலக்கோடும் சிவப்பும் மின்னும் நியான் டெட்ரா மீன்கள் பன்னிரண்டு வாங்கி விட்டிருந்தேன். வெளுக்கத் தொடங்கியதும் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு விளக்கு மாட்டினேன். வெள்ளைத் தரையில் கூடுதல் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும்? இன்னும் வெளுத்தன. பிறகு நிறம் கூட்டும் தீனி என்று விலை உயர்ந்த டப்பா ஒன்று வாங்கி, ஒரு நாளைக்கு நான்கு வேளை போட்டேன். மிச்சத் தீனி அந்தக் கல் இடுக்குகளில் இறங்கி அழுகியது. ஒரு மாதத்தில் நான்கு மீன்கள்தான் மிஞ்சின. விளக்குக்கும் தீனிக்கும் கொடுத்த பணம் மீனின் விலையைப் போல மூன்று மடங்கு. இன்றும் யாராவது வெள்ளைக் கல் பையோடு கடையிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மீனோடு சேர்த்து அந்தக் கல்லையும் விற்றுவிடுகிறார்கள், ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அந்தக் கல்லில் இன்னொரு கேடும் உண்டு. சலவைக்கல் என்பது சுண்ணாம்புச் சத்துதான். ஒரு சில்லை எடுத்து ஆணியால் கீறுங்கள். கீறிய இடத்தில் இரண்டு சொட்டு வினிகர் விட்டு, கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக எழும். அது கரைகிறது என்று பொருள். தொட்டியிலும் மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். நியான் போன்றவை அமேசான் பகுதியின் மென்மையான தண்ணீருக்குப் பழகிய இனங்கள். வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) குமிழி வராது. ஆனால் அதுவும் வெள்ளைதான், நிறத்துக்கு ஆகாது.

என்ன செய்யலாம்? கரிய மணலோ அடர்ந்த பழுப்பு நிறச் சிறு கூழாங்கல்லோ போடுங்கள். தொட்டியின் பின்கண்ணாடியில் வெளிப்பக்கமாகக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். பழைய கல்லை ஒரே நாளில் அள்ளிவிடாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. பாதியை இந்த வாரம், மீதியை அடுத்த வாரம் எடுங்கள். அந்த மாணவரையும் அப்படித்தான் செய்யச் சொன்னேன். முதல் பாதியை மாற்றிய அன்று மாலையே பட்டை கறுத்திருக்கிறது என்று ஓடிவந்து சொன்னார். முழு நிறம் திரும்ப இன்னும் சில வாரங்கள் ஆகும்.

கடையில் மிக மின்னுவதை எடுப்பது

தொட்டியில் உள்ள குட்டி மீன்கள் எல்லாம், பெட்டைகள்கூட, முழு நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆண் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து, விற்பனைக்காக நிறம் ஏற்றும் பழக்கம் வளர்ப்பவர்களிடையே உண்டு. வீட்டுக்கு வந்து அந்தத் தீனி நின்றதும் சில வாரங்களில் நிறம் இறங்கும். இனப்பெருக்கத் திறனும் கெட்டிருக்கலாம்.

கண்ணாடி மீன் முதுகில் இளஞ்சிவப்பு, பச்சை எனக் கோடு மின்னினால் அது ஊசியால் ஏற்றிய சாயம். நம் நாட்டு ஆறுகளில் இயல்பாக வாழும், உள்ளிருக்கும் எலும்பே தெரியும் அழகான மீன் அது. அதற்குச் சாயம் குத்துவதைக் கொடுமை என்றுதான் சொல்வேன். வாங்காதீர்கள். வாங்குகிறவர்கள் இருக்கும் வரைதான் குத்துவார்கள்.

எல்லா நிறத்தையும் தீனியால் கூட்டலாம் என்று நம்புவது

சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருபவை. மீன் அவற்றைத் தானாக உற்பத்தி செய்யாது, உணவிலிருந்துதான் எடுக்க வேண்டும். இறால், ஸ்பைருலினா என்ற பாசி, கேந்திப் பூ இதழ் எல்லாவற்றிலும் அவை இருக்கின்றன. நீலம் அப்படி இல்லை. தோலில் உள்ள குவானின் என்ற வேதிப்பொருளின் படிகங்களில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம் அது. எந்த டப்பாவும் நியானின் நீலத்தைக் கூட்டாது.

இந்த நிறமிகள் சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றிலும் சிதைந்துவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஜன்னல் ஓரம் திறந்து வைத்த டப்பா சீக்கிரமே வெறும் மாவு ஆகிவிடும். சின்னப் பொட்டலமாக வாங்கி, இறுக மூடி, நிழலில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும்.

தனியாக விடுவது

டெட்ராவும் பார்பும் கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறைந்தால் பயம், பயந்தால் வெளுப்பு. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய டாகின்சியா தாம்பிரபர்னியே (Dawkinsia tambraparniei) என்ற கெண்டை இனம் நம் ஆற்றுக்கே உரியது. அதில்கூட ஆண் மீன், எதிரே இன்னொரு ஆண் வந்து நிற்கும்போது முதுகுத் துடுப்பின் நீண்ட இழைகளை விரித்து முழு நிறம் காட்டும். அதை ஆற்றில் பிடித்துத் தொட்டியில் விட நினைக்காதீர்கள்.

வெளுத்ததும் மருந்து ஊற்றுவது

நோய் இன்னதென்று தெரியாமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

விடியற்காலையில் பதறுவது

இருட்டில் நியானின் நீலக்கோடு மங்கி ஊதாவாகும், சிவப்பும் போய்விடும். விளக்கைப் போட்டுவிட்டு ஒரு காபி குடித்து வாருங்கள். அதற்குள் திரும்பியிருக்கும்.