ஆஸ்பத்திரிச் செலவுக்கு பாலிசி எடுக்கலாமா? குமரி மாவட்டக் குடும்பங்கள் பார்க்க வேண்டிய கணக்கு

ஏஜெண்ட் பிரீமியம் சொல்லும் முன்பே ரேஷன் கார்டை எடுத்து வையுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பிரீமியம் இல்லாமலே கிடைக்கும். விஏஓ வழியாக வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட மையத்தில் பதிய வேண்டும். இந்த அட்டை உள்ளவர்கள் தனியார் பாலிசிக்காகக் கடன் வாங்கத் தேவையில்லை. ஆனால் அட்டைக்கு எல்லை உண்டு: பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான் செல்லும். பெரிய நோய் என்றாலே களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் போகும் குடும்பமா உங்களுடையது? அங்கே எந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்கள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. வளைகுடாவில் வேலை செய்பவருக்கு கம்பெனி கொடுக்கும் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அங்கே அவருக்கு மட்டும்தான். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை அது காக்காது. கடலுக்குப் போகிறவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு, அதுவும் விபத்துக்கு மட்டும். மாரடைப்புக்கோ சிறுநீரகக் கல்லுக்கோ அது உதவாது. விபத்துக் காப்பீட்டையே ஹெல்த் இன்சூரன்ஸ் என்று நம்பி இருக்கும் வீடுகள் கடற்கரை ஊர்களில் இருக்கக் கூடாது என்பதற்காகவே இதைத் தனியாகச் சொல்கிறோம்.

இவை எதுவும் இல்லையென்றால் அடுத்த கேள்வி: நாளைக்கு 5 லட்சம் கட்டச் சொன்னால் எங்கிருந்து வரும்? வங்கியில் அந்தப் பணம் சும்மா கிடக்கிறது என்றால் பாலிசி உங்கள் விருப்பம். மகளின் நகையை அடகு வைக்க வேண்டும், சிட்டியைத் தள்ளி எடுக்க வேண்டும் என்றால் பாலிசி தேவை. ரப்பர் விளையைக் கையிருப்பாக எண்ண வேண்டாம். விற்க மாதங்கள் ஆகும். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றால் அன்றாட வருமானமே இருக்காது.

பாலிசி எதற்குப் பணம் தராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக 24 மணி நேரமாவது படுத்துச் சிகிச்சை பெற வேண்டும். கண்புரை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்றவை விதிவிலக்கு. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை சாதாரண பாலிசியில் வராது. எலும்பு முறிந்தால் வர்ம வைத்தியசாலைக்குப் போய் எண்ணெய்க் கட்டு போடுவது நம் பக்கத்து வழக்கம். சித்தா, ஆயுர்வேதத்துக்கு பாலிசி பணம் தரும் என்றாலும், பதிவு பெற்ற ஆயுஷ் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் தரும்.

வாங்குவது என்று முடிவானால் எங்கள் கணிப்பில் குறைந்தது 5 லட்சம். திருவனந்தபுரம், மதுரை தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களுக்கு அது போதாது. 5 லட்சம் பாலிசியோடு, 5 லட்சத்துக்கு மேல் போகும் செலவைத் தாங்கும் சூப்பர் டாப்அப் ஒன்றைச் சேர்த்தால், பெரிய பாலிசியைவிட பெரும்பாலும் மலிவாக முடியும். வெறும் டாப்அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகக் கணக்கிடும். சூப்பர் டாப்அப் ஆண்டு முழுதும் ஆன செலவைக் கூட்டிப் பார்க்கும். பெயரைக் கவனித்து வாங்குங்கள். பெற்றோரை ஒரே குடும்பப் பாலிசியில் சேர்த்தால் மூத்தவரின் வயதுக்கே பிரீமியம் ஏறும். அவர்களுக்குத் தனியாக எடுப்பது நல்லது.

பிரீமியத்துக்கு முன் ரூம் வாடகை

பலர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இதுதான். 5 லட்சம் பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு பாலிசித் தொகையில் 1 சதவீதம் என்று இருந்தால் ஒரு நாளைக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் ரூமில் 5 நாள் இருந்தால் வித்தியாசம் 15,000 தானே என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில், அதாவது எட்டில் ஐந்து பங்காகக் குறையும். அவை 1,60,000 என்றால் கிடைப்பது 1,00,000. மருந்து, டெஸ்ட், உள்ளே வைக்கும் ஸ்டென்ட், பிளேட் போன்றவற்றில் மட்டும் இந்த வெட்டு போடக் கூடாது. ஆக, ரூமுக்கு 15,000, இந்த வெட்டில் 60,000 என்று உங்கள் கையிலிருந்து போவது 15,000 அல்ல, 75,000. ரூமுக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசி கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் அதையே எடுங்கள். முடியாவிட்டால், அட்மிஷன் போடும்போதே வரம்புக்குள் உள்ள ரூமைக் கேளுங்கள்.

சில கம்பெனிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்து, சிறிய ஊர்க்காரருக்கு பிரீமியத்தைக் குறைக்கும். அந்த பாலிசியோடு பெரிய நகரத்தில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். நாகர்கோவில் முகவரியில் எடுத்து திருவனந்தபுரத்தில் படுத்தால் என்ன ஆகும் என்பதை ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் உண்மையிலேயே போகும் மூன்று ஆஸ்பத்திரிகளின் பெயரைக் குறித்து, கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும்) பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரிலும் ஒரு முறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

பாலிசி எடுத்த பிறகு பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் மூன்று வகை. விபத்து தவிர எதற்கும் முதல் 30 நாள் பணம் கிடையாது. ஹெர்னியா, மூலம், பித்தப்பைக் கல், கண்புரை போன்ற பட்டியல் நோய்களுக்குப் பெரும்பாலும் 2 ஆண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஆகையால் அடுத்த மாதம் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன பிறகு ஓடிப்போய் எடுக்கும் பாலிசி அந்த ஆபரேஷனுக்கு உதவாது.

மறைத்தால் என்ன ஆகும்

"சுகர் இருக்குன்னு போட்டா பிரீமியம் கூடும், போட வேண்டாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நெஞ்சுவலியோடு போகும்போது டியூட்டி டாக்டர் எத்தனை வருடமாக சுகர் என்று கேட்பார். பதற்றத்தில் வீட்டார் "ஆறு வருஷம்" என்பார்கள். கேஸ் ஷீட்டில் அது ஏறிவிடும். பாலிசி எடுத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தால் க்ளெய்ம் தள்ளுபடி ஆகலாம், பாலிசியே ரத்தாகலாம். 60 மாதம் இடைவிடாமல் கட்டிய பிறகுதான், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்ததைக் காரணம் காட்ட முடியாது. விண்ணப்பத்தை ஏஜெண்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது. ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் போட்டிருக்கிறது என்று படித்து, நகல் வாங்குங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. பிரீமியத்தில் வரி சேர்த்துச் சொன்னால் திருப்பிக் கேளுங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள், பேசியதற்கும் எழுதியதற்கும் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

கேஷ்லெஸ் அனுமதிக் கோரிக்கைக்கு கம்பெனி 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் பதில் சொல்ல வேண்டும். திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளும் தகவல் கொடுப்பது பாதுகாப்பு. க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) ஓராண்டுக்குள் போகலாம். ஆன்லைனிலேயே மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.